இலையுதிர் காலத்தில் விரிகுடா மீன்கள் எங்கே போகின்றன, எந்த நேரத்தில் தேடுவது?

சேற்றுத்திட்டு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோடை முழுவதும் ஒரே விரிகுடாவில், ஏறக்குறைய ஒரே இடத்தில் தூண்டில் போட்டு வந்தேன். விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே போய், கடற்புல் வளர்ந்த இடுப்பளவு ஆழத்தில் இறங்கி நின்றால், வெயில் ஏறுவதற்குள் இரண்டு மூன்று நல்ல மீன்களாவது கிடைத்துவிடும். இலையுதிர் காலம் தொடங்கி இப்போது ஐந்து வாரங்கள் ஆகின்றன. கடைசி மூன்று வார இறுதிகளிலும் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று வெறுங்கையோடு திரும்பினேன்.

விரிகுடாவின் வாய் குறுகலானது. உள்ளே பெரும்பகுதி ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள சேற்றுத் தரை. நடுவில் படகுகளுக்காகத் தோண்டிய நான்கு மீட்டர் ஆழ வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. வடகரையில் சதுப்பிலிருந்து இரண்டு ஓடைகள் வந்து சேர்கின்றன. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சாதாரண நாட்களில் அரை மீட்டர்தான் மாறும். கோடையில் 28 டிகிரி செல்சியஸாக இருந்த நீர் இப்போது விடியற்காலையில் 19 டிகிரி காட்டுகிறது.

மடவைக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் துள்ளுகின்றன. இரை இருக்கிறது, அதைத் துரத்தும் மீன்களைத்தான் காணவில்லை. போன வாரம் தரையிலிருந்து பலத்த காற்று வீசிய மறுநாள், கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணைப்படி நீர் நிறைந்திருக்க வேண்டிய நேரத்தில் என் கடற்புல் திட்டு பாதி வெளியே தெரிந்தது. காற்றழுத்தம் உயர்ந்துவிட்டது, இனி மீன் கடிக்காது என்று அங்கு நின்ற ஒருவர் சொன்னார். இது உண்மையா? நான் மாற்ற வேண்டியது இடத்தையா, நேரத்தையா, இரையையா? என்னிடம் மோட்டார் இல்லாத சிறு துடுப்புப் படகு ஒன்றும் உண்டு.

கழிமுகம் எழுதியது:

விடியற்காலையில் 19 டிகிரி என்கிறீர்கள். அதே இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியை இறக்கிப் பார்த்ததுண்டா? இல்லையென்றால் அடுத்த முறை முதலில் அதைச் செய்யுங்கள், தூண்டிலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மேகமில்லாத இரவில் ஒவ்வொரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தை இழக்கிறது. அந்த இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள அடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. நன்றாகக் கலந்த நீராக இருந்தால், ஒரு மீட்டர் ஆழமுள்ள உங்கள் திட்டு இரண்டு டிகிரி குளிரும் இரவில் நான்கு மீட்டர் வாய்க்கால் அரை டிகிரிதான் குளிரும். கோடையில் மீன்கள் பகல் வெப்பத்துக்கு ஒதுங்கியிருந்து, நீர் மிகக் குளிர்ந்திருக்கும் விடியலில் திட்டுக்கு வந்து மேய்ந்தன. அதே விடியல் இப்போது திட்டின் மிக மோசமான நேரமாகிவிட்டது. நீங்கள் குளிரில் நின்றுகொண்டிருக்கிறீர்கள், அவை பக்கத்து வாய்க்காலில் வெயிலுக்காகக் காத்திருக்கின்றன. கருநிறச் சேறு வெயிலை நன்றாக உறிஞ்சுவதால், காற்றில்லாத தெளிந்த நாளில் திட்டின் நீர் மாலைக்குள் வாய்க்காலைவிடச் சூடாகிவிடும். அந்த நேரத்தில் ஏற்றமும் சேர்ந்தால் மீன்கள் தாமாகவே மேலேறி வரும். ஆகவே உங்கள் பழைய இடம் கெட்டுவிடவில்லை, அதன் நேரம் மாறியிருக்கிறது.

மீன்கள் பசியற்றுப் போய்விட்டன என்று எண்ண வேண்டாம். குளிரும் நீரில் உயிர்வாயு கூடுதலாகக் கரைகிறது. வெளிக்கடலின் உப்புத்தன்மை கொண்ட நீர் 28 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.4 மில்லிகிராம் உயிர்வாயுவைத்தான் தாங்கும். 18 டிகிரியில் அது ஏறத்தாழ 7.7 ஆகிவிடுகிறது. மூச்சு எளிதாகிறது, குளிர்காலமோ இடப்பெயர்ச்சியோ நெருங்குகிறது, இரையும் ஆண்டின் மற்ற எந்தப் பருவத்தையும்விடக் கொழுத்திருக்கிறது. மெல்ல மெல்லக் குளிரும் வாரங்களில் வேட்டைமீன்கள் ஆவலோடு தின்னும். அவற்றை முடக்குவது குளிர் அல்ல, குளிர் வந்த வேகம். ஓரிரு நாட்களில் ஐந்தாறு டிகிரி இறங்கினால் இரண்டு மூன்று நாட்களுக்கு அசையாமல் கிடந்துவிட்டு, புதிய வெப்பநிலைக்குப் பழகிய பின் மீண்டும் தின்னத் தொடங்கும். அதனால்தான் ஒரு நாள் அளவைவிட, ஒரே இடத்தில் ஒரே மணியில் எடுத்த ஒரு வார அளவுகளே பயன்படுகின்றன.

துள்ளும் மடவைகளைப் பற்றி எழுதினீர்கள். அவையும் இறாலும் கோடையில் சதுப்பு ஓடைகளுக்குள் வளர்ந்தவை. நீர் குளிர்ந்ததும் வற்றத்தோடு வெளியேறி, வாய்க்கால் வழியாகக் கடலை நோக்கிப் போகின்றன. வேட்டைமீன் அவற்றைத் திட்டெங்கும் தேடி அலைய வேண்டியதில்லை, ஓடை வாயில் காத்திருந்தாலே போதும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் உள்ள கரைகளில் ஒரு வற்றத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த நீரில் பாதி வெளியேறிவிடும். நான் அந்த நடுப்பகுதியில் தொடங்கி, ஓட்டம் நிற்கும்வரை நிற்பேன்.

ஓடை வாயின் நட்டநடுவில் தூண்டில் போடாதீர்கள். வெளியேறும் ஓட்டம் அசையாத நீரோடு உரசும் இடத்தில் நுரையும் சருகும் சேர்ந்து ஒரு கோடு தெரியும். பெரிய மீன்கள் அந்தக் கோட்டின் அசையாத பக்கத்தில், உழைப்பில்லாமல் நின்றுகொண்டு, ஓட்டத்தில் வருவதைக் கவ்விவிட்டுத் திரும்பும்.

நீர்மட்டம் எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. அட்டவணையை நம்பி ஏமாந்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பருவத்தில் புதியவர்கள் மிகுதியாக இடறுவது அங்கேதான்.

ஓத அட்டவணை நிலவும் சூரியனும் இழுப்பதை மட்டுமே கணக்கிடுகிறது. அன்றைய காற்று அதற்குத் தெரியாது. இலையுதிர் காலத்தில் குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்தால் காற்று திசை மாறி, பல இடங்களில் தரையிலிருந்து கடலை நோக்கி ஓரிரு நாட்கள் ஓயாமல் வீசும். ஆழமற்ற, வாய் குறுகிய விரிகுடாவில் அந்தக் காற்று நீரை ஒரு பக்கமாகத் தள்ளி வெளியேற்றிவிடும். அதன் பின்னால் வரும் உயர் அழுத்தமும் தன் பங்கைச் செய்கிறது: காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். சராசரியான 1013 ஹெக்டோபாஸ்கலுக்குப் பதில் 1030 இருந்தால், காற்றே இல்லாவிட்டாலும் 17 சென்டிமீட்டர் குறையும். மூன்று மீட்டர் ஏறி இறங்கும் கரையில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அரை மீட்டர் மட்டுமே ஏறி இறங்கும் உங்கள் விரிகுடாவில் அது ஓதத்தின் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் திட்டு பாதி வெளியே தெரிந்ததில் வியப்பில்லை.

அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பரந்து கிடந்த மீன்களெல்லாம் வாய்க்காலின் ஓரங்களுக்கும் ஓடை வளைவுகளிலுள்ள குழிகளுக்கும் ஒதுங்கியிருக்கும், தேட வேண்டிய பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். மீன் கிடைக்காவிட்டாலும் நடந்து பாருங்கள். சிப்பிப் படுகை எங்கே இருக்கிறது, திட்டிலிருந்து வாய்க்காலுக்கு நீர் இறங்கும் சிறு மடைகள் எவை என்பதையெல்லாம் ஆண்டில் சில நாட்கள்தான் கண்ணால் காண முடியும். என் கைவரைபடத்தில் பயனுள்ள குறிகள் அனைத்தும் இப்படி நீர் வற்றிய நாட்களில் குறித்தவையே.

நாளைத் தேர்ந்தெடுக்க இன்னொரு கணக்கும் உதவும். ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது, அதாவது ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம். ஆகவே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பேரோதங்கள் (நீர் மிகுதியாக ஏறி இறங்கும் ஓதங்கள்) ஒரு குறிப்பிட்ட கரையில் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் உச்சம் தொடும். உங்கள் கரையில் அது நண்பகலை ஒட்டி அமைந்தால், ஓட்டம் வலுத்த வற்றம் வெயில் சாயும் பிற்பகலில் கிடைக்கும்; அந்த நாட்களை விடாதீர்கள். காலையிலும் மாலையிலும் உச்சம் தொடுகிற கரையாக இருந்தால், பிற்பகல் வற்றம் ஓட்டம் மெலிந்த அரைநிலவு நாட்களில்தான் வாய்க்கும். பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் சமநாளை ஒட்டிய பேரோதங்கள் பல கரைகளில் ஆண்டின் பெரியவற்றுள் சேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

காற்றழுத்தம் உயர்ந்தால் மீன் கடிக்காது என்ற பேச்சை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், ஒருநாளும் மனம் ஒப்பியதில்லை. நீருக்குள் ஒரு மீட்டர் இறங்கினால் மீனின் உடல்மீது ஏறத்தாழ 100 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் கூடுகிறது. வானிலை மாற்றம் தரும் பதினைந்து இருபது ஹெக்டோபாஸ்கல், மீன் இருபது சென்டிமீட்டர் மேலே வந்தோ கீழே போயோ சரிசெய்துகொள்ளக்கூடிய அளவு. இரையைத் துரத்தி மூன்று மீட்டர் ஏறி இறங்கும் மீன் இதற்காகப் பட்டினி கிடக்கும் என்பது எனக்குப் பொருந்தி வரவில்லை. ஆனால் அழுத்தம் உயரும் நாளில் கூடவே நீர் குளிர்கிறது, வானம் வெளிறித் தெளிகிறது, நீர்மட்டம் இறங்குகிறது, காற்று திசை மாறுகிறது. மீன் இவற்றுக்கு எதிர்வினை காட்டுகிறது, பழி மட்டும் அழுத்தமானியின் மேல் விழுகிறது. அழுத்தமானியைப் பாருங்கள், தவறில்லை. வரப்போகும் காற்றை அறிய அது நல்ல கருவி.

முகப்பு வருவதற்கு முந்தைய மாலையில், மேகம் கூடி அழுத்தம் இறங்கும்போது, மீன்கள் வெறியோடு கடிப்பதை நானும் கண்டிருக்கிறேன். வெளிச்சம் மங்குவதும் அலை எழும்புவதும் வேட்டைமீனுக்குத் திரைபோல உதவுகின்றன என்பதே என் விளக்கம்.

மழையை யாரும் குறிப்பிடவில்லை. கனமழைக்குப் பின் ஓடைகளிலிருந்து வரும் நன்னீர் எடை குறைவானதால் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் தங்கும். மேலே கலங்கிய தேநீர் நிறத்தில் தெரியும் நீரைப் பார்த்து அந்த இடமே கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். மிதவையைக் கழற்றிவிட்டு இரையை வாய்க்காலின் அடிக்கு இறக்குங்கள். மழைக்குப் பின் சில நாட்கள் விரிகுடாவின் வாய்ப்பக்கத்தில் தேடுவதும் நல்லது.

சேற்றுத்திட்டு எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மூவருக்கும் நன்றி. விடியலில் குளிரில் நின்றுகொண்டிருந்தது நான்தான், மீன் அல்ல என்பது சற்றே வெட்கமாக இருக்கிறது. இரை, கருவி பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? கோடையில் ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள மென்மையான ரப்பர் மீனை ஏழு கிராம் ஜிக் தலையில் (ஈயக் குண்டோடு சேர்ந்த தூண்டில் முள்ளில்) கோத்து வேகமாக இழுப்பேன். உயிர் இறால் கிடைத்தால் மிதவையின் கீழ் கட்டுவேன்.

தங்கூசி எழுதியது:

முதலில் அளவை மாற்றுங்கள். வசந்தத்தில் விரல்நுனி அளவில் இருந்த மடவைக் குஞ்சு இப்போது விரல் நீளத்தைத் தாண்டிவிட்டது. பெரிய இரை மலிந்திருக்கும்போது வேட்டைமீன் சிறியதை நாடி வருவது குறைவு. எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரையுள்ள ரப்பர் மீனுக்கு மாறுங்கள். கலங்கல் நீரில் கருமையான உருவும், தெளிந்த நீரில் மடவையின் வெள்ளிச் சாம்பல் நிறமும் எனக்குப் பலன் தந்திருக்கின்றன. ஆனால் நிறத்தைப் பற்றி இரவு முழுவதும் வாதிடுபவர்களைவிட ஆழத்தைச் சரியாகப் பிடிப்பவர்களே கூடுதலாக மீன் கொண்டு போகிறார்கள்.

அடுத்தது எடை. ஜிக் தலை அடியைத் தொடுவது கையில் தெரிய வேண்டும், ஆனால் அங்கேயே நங்கூரம்போல உட்கார்ந்துவிடக் கூடாது. திட்டின் மேல் ஐந்து கிராமே போதுமானதாக இருக்கும். வற்றம் வலுத்து ஓடும் வாய்க்காலில் பதினான்கு கூடத் தேவைப்படலாம். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, சாய்வாக எறிந்து, தூண்டில் நரம்பு தொய்யாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, ஓட்டமே அதை உங்கள் முன்னால் கொண்டுவந்து சேர்க்கும்படி விடுங்கள். மடவைக் குஞ்சு வற்றத்தை எதிர்த்து நீந்தி வெளியேறுவதில்லை. ஓட்டத்துக்கு எதிராக விரைந்து போகும் ரப்பர் மீன், வாயில் வந்து விழுவதைத் தின்னக் காத்திருக்கும் மீனுக்கு இயல்பாகத் தோன்றாது. நீர் குளிரக் குளிர வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மீன் குளிர்ந்த குருதி உள்ள உயிர். வெப்பம் குறைந்தால் அதன் செரிமானமும் பாய்ச்சலும் மந்தமாகும், எட்டத்தில் விரைந்து போகும் ஒன்றுக்காக அது சக்தியைச் செலவிடாது.

உயிர் இறாலையோ சிறு மடவையையோ கட்டினால் முனை உட்புறமாக வளைந்த வட்டமுள்ளைப் பயன்படுத்துங்கள். மீன் கவ்வியதும் வெடுக்கென்று இழுக்கும் கோடைப் பழக்கத்தை அப்போது அடக்கிக்கொள்ள வேண்டும். நரம்பு இறுகும்போது நிதானமாகச் சுற்றினால் முள் தானே திரும்பி வாயின் ஓரத்தில் பதியும். தொண்டைக்குள் முள் போவது குறைவதால், திருப்பி விட வேண்டிய மீனும் பிழைத்துக்கொள்ளும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பின் முனையில் ஒரு கை நீளத்துக்கு ஃபுளூரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பைக் கட்டினால் சிப்பியில் உரசி அறுவது குறையும், தெளிந்த நீரில் கண்ணிலும் குறைவாகவே படும்.

தட்டைமீன் உங்கள் பகுதியில் இருந்தால், ஓடை வாயில் மேலே சொன்ன கோட்டைவிட, சேற்றுக் கரை வாய்க்காலுக்குள் சரியும் விளிம்பைத் தேடுங்கள். அது மணலில் புதைந்து, ஓட்டத்தை நோக்கித் தலைவைத்துப் படுத்திருக்கும். ஜிக் அதன் முகத்தருகே தரையோடு தரையாக நகர வேண்டும். தட்டென்று ஒரு கனம் தெரிந்ததும் இழுக்காமல் மூன்று எண்ணுங்கள். அது முதலில் கவ்விப் பிடித்து, பிறகுதான் விழுங்கும். இந்த மீன் விஷயத்தில் விதிமுறைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொள்வது அவசியம், ஏனெனில் சில இனங்கள் இப்போதுதான் முட்டையிட வெளிக்கடலுக்குக் கிளம்புகின்றன. மெக்சிகோ வளைகுடாக் கரையில் தெற்குத் தட்டைமீன் விரிகுடாக்களை விட்டு வெளியேறுவது இலையுதிர் காலத்தில்தான். டெக்சாஸ் மாநிலம் 2021 முதல் நவம்பர் 1 தொடங்கி டிசம்பர் 14 வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதையே தடை செய்துவிட்டது.

ஆலாக்களும் கடற்காகங்களும் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால், துடுப்பைப் போட்டுக்கொண்டு நடுவில் பாய வேண்டாம். காற்று வரும் பக்கமாகப் போய், ஓசையில்லாமல் மிதந்து நெருங்குங்கள். மேலே துள்ளுபவை பெரும்பாலும் சிறியவை. அடிபட்டுச் சிதறி விழும் இரையைத் தின்ன, பெரியவை அந்தக் கூட்டத்துக்குக் கீழேயும் பின்னாலும் வரும்.

துடுப்பு எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. மோட்டார் இல்லாத படகில் வற்றமும் தரைக்காற்றும் ஒரே பக்கமாக இழுக்கும் நாளில் வாய்க்காலுக்குள் போகாதீர்கள். இரண்டும் உங்களை விரிகுடாவின் வாய்க்குத்தான் கொண்டு போகும், பொழுதும் முன்பைவிட விரைவில் சாய்கிறது. காற்று வெப்பமாக இருந்தாலும் நீர் குளிர்ந்துவிட்டது, ஆகவே மிதவை அங்கியை மடியில் வைத்திருக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். நடந்து மீன்பிடிக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள், திருக்கை ஒதுங்கிப் போகும். திருக்கையின் வால்முள் குத்திவிட்டால் புண்ணைப் பொறுக்கும் சூடுள்ள நீரில், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மிகாமல், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைப்பது வலியைத் தணிக்கும். முள் ஆழப் பதிந்திருந்தால் பிடுங்க முயலாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சேற்றுத்திட்டு எழுதியது:

சொன்னபடி செய்து பார்த்தேன், முடிவைத் தெரிவிப்பது முறை. சனிக்கிழமை விடியலில் திட்டில் 17.5 டிகிரி, வாய்க்காலின் அடியில் 19. பிற்பகல் மூன்று மணிக்குத் திட்டில் 20.5 ஆகிவிட்டது. வற்றம் ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. மேற்கு ஓடையின் வாயிலிருந்து முப்பது அடி தள்ளி நுரைக்கோடு தெளிவாகவே தெரிந்தது. நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் ரப்பர் மீனில் மூன்று கடி, அதில் இரண்டு கரை சேர்ந்தன. மூன்றாவதைப் பழைய பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்துத் தவறவிட்டேன். கிழக்கு ஓடையில் ஒன்றுமே இல்லை, அங்கே மடவையும் துள்ளவில்லை. இரண்டும் ஒரே சதுப்பிலிருந்து வருபவை, ஏன் இந்த வேறுபாடு? ஓடை வாயில் இப்படி எத்தனை நாள் கிடைக்கும்?

கழிமுகம் எழுதியது:

கிழக்கு ஓடை ஆழம் குறைந்ததாக இருந்தால், அது முன்பே குளிர்ந்து, அதிலிருந்த மடவைகள் முன்பே வெளியேறியிருக்கும். உள்ளே சிறிது தூரம் துடுப்புப் போட்டுப் போய் வெப்பமானியை இறக்கினால் தெரிந்துவிடும். மேற்கு ஓடையும் ஒருநாள் அப்படித்தான் வெறுமையாகும். தேதியை வைத்து அந்த நாளைச் சொல்ல முடியாது. அடுத்தடுத்து இரண்டு வற்றங்களில் ஒரு மடவைகூட வெளியே வரவில்லையென்றால் அங்கே நிற்பதை விட்டுவிடுங்கள். அதன் பிறகு விரிகுடாவிலேயே தங்கிவிடும் மீன்கள் வாய்க்காலின் ஆழமான வளைவில், வெயில் படும் கரையை ஒட்டிக் கூடும். அங்கே பதினான்கு கிராம் ஜிக்கை அடியில் நகர்த்துவதும் நிறுத்துவதுமாக, பொறுமை போகும் அளவுக்கு மெதுவாக இழுங்கள்.